524 ஓட்டு: தெற்கு டகோட்டாவில் செனட் தேர்தல் நடந்த விதம்

கேள்வி இதுதான்: மக்கள்தொகை பத்து லட்சத்தைக்கூட எட்டாத, வயலையும் மாட்டையும் நம்பிப் பிழைக்கும் ஓர் அமெரிக்க மாநிலத்தில் நாடாளுமன்றத் தேர்தல் எப்படி நடக்கும்? ஓட்டு ஆளுக்கு விழுமா, கட்சிக்கு விழுமா? இத்தனை சிறிய இடத்தில் ஏன் கோடிக்கணக்கான டாலரைக் கொட்டுகிறார்கள்?

பொதுப்படையாகப் பதில் சொன்னால் எல்லா மாநிலத்துக்கும் கொஞ்சம் பொருந்தும், எதற்கும் முழுதாகப் பொருந்தாது. அதனால் தெற்கு டகோட்டாவை எடுத்துக்கொள்கிறேன். அங்கே 2002ஆம் ஆண்டு நவம்பர் 5 அன்று நடந்த செனட் தேர்தலில் உங்கள் மூன்று கேள்விகளுக்குமே பதில் இருக்கிறது. என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: ஓட்டு ஆளுக்குத்தான் விழுந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த பணம்தான் அதைக் கட்சிக்கு விழும் ஓட்டாக மாற்றியது.

முதலில் கணக்கு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள். அவை மக்கள்தொகைப்படி பிரிக்கப்படுகின்றன. எவ்வளவு சிறிய மாநிலமானாலும் ஓர் இடம் உறுதி. இன்று அலாஸ்கா, டெலவேர், வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, வெர்மான்ட், வயோமிங் ஆகிய ஆறு மாநிலங்களுக்கு அந்த ஒற்றை இடம் மட்டும்தான். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. செனட்டில் கதை வேறு. அங்கே மாநிலத்துக்கு இருவர், அவ்வளவுதான். ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இருவர், ஆறு லட்சம்கூட நிரம்பாத வயோமிங்குக்கும் இருவர். பணம் ஏன் வருகிறது என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு வாரம் தொலைக்காட்சி விளம்பரம் ஓட்டும் செலவில் சிறிய மாநிலத்தில் மாதக்கணக்கில் ஓட்டலாம். கிடைப்பது என்னவோ அதே ஒரு செனட் இடம். கட்சி மேலிடத்தின் கண்ணில் இது மலிவான சரக்கு.

தெற்கு டகோட்டாவின் பரப்பு ஏறக்குறைய இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் ஏழரை லட்சம். தலைநகரம் பியரில் வசிப்பவர்கள் பதினாலாயிரம் பேர் இருக்கலாம். மிசௌரி ஆறு மாநிலத்தை நடுவில் வகிர்ந்து ஓடுகிறது. ஆற்றுக்குக் கிழக்கே மக்காச்சோளம், சோயா, சிறு நகரங்கள், சூ ஃபால்ஸ். மேற்கே மேய்ச்சல் நிலம், கோதுமை, பிளாக் ஹில்ஸ் மலைகள், ராப்பிட் சிட்டி. இரண்டு பக்கமும் கடிகாரம்கூட வேறு. மாநிலத்துக்குள்ளேயே ஒரு மணி நேர வித்தியாசம் உண்டு. இரண்டு பக்கத்திலும் சிதறிக் கிடப்பவை ஒன்பது பூர்வகுடி இனங்களுக்கான ஒதுக்கு நிலங்கள். இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அதிபர் தேர்தலில் இது குடியரசுக் கட்சி மாநிலம். 1964க்குப் பிறகு ஒரு ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கூட இங்கே வென்றதில்லை. 1972இல் இந்த மண்ணின் மைந்தரான ஜார்ஜ் மெக்கவர்ன் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோதும் சொந்த மாநிலமே அவரைக் கைவிட்டது. ஆனால் 2000இல் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷுக்கு அறுபது சதவீத ஓட்டுப் போட்ட அதே மாநிலத்தின் இரண்டு செனட்டர்களும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள்: டாம் டாஷ்லும் டிம் ஜான்சனும். இது புதிர்போலத் தோன்றும். அங்கே இருந்தவர்களுக்கு இதில் புதிர் ஏதுமில்லை.

டாஷ்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் முதன்முதலாகப் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டு 150க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் வென்றவர். அப்படி வென்றவருக்கு ஒவ்வொரு ஓட்டின் விலையும் தெரிந்திருக்கும். மாநிலத்தில் 66 கவுன்ட்டிகள், நம் மாவட்டங்களைப் போல. ஆண்டுதோறும் தாமே கார் ஓட்டிக்கொண்டு அத்தனை கவுன்ட்டிகளுக்கும் போவார். முன்னறிவிப்போ கூட்ட ஏற்பாடோ கிடையாது. தானியக் கிடங்கிலோ சாலையோர உணவகத்திலோ நுழைந்து யார் இருக்கிறார்களோ அவர்களோடு பேசுவார். செனட்டில் கட்சித் தலைவரான பிறகும் இதை விடவில்லை. ஏழரை லட்சம் பேர் உள்ள மாநிலத்தில் இருபது ஆண்டுகள் இப்படிச் சுற்றினால், வாக்காளர்களில் பாதிப் பேராவது ஒருமுறை கைகுலுக்கியிருப்பார்கள் அல்லது கைகுலுக்கியவரின் உறவினராக இருப்பார்கள். கட்சி பிடிக்காது, ஆனாலும் நம்ம ஆள் என்ற மனநிலை அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொன்று, ஆள் என்ன கொண்டுவந்தார் என்ற கணக்கு. அது சித்தாந்தக் கணக்கு அல்ல. வேளாண் சட்டத்தில் மக்காச்சோள எரிபொருளான எத்தனால் என்ன ஆயிற்று, ராப்பிட் சிட்டி அருகே உள்ள எல்ஸ்வொர்த் விமானப்படைத் தளம் இருக்குமா மூடுமா, மேற்கே குடிநீர்க் குழாய் எப்போது வரும்? ஜான்சன் இதில் கைதேர்ந்தவர். மிசௌரி நீரைப் பைன் ரிட்ஜ், ரோஸ்பட், லோவர் ப்ரூல் ஒதுக்கு நிலங்களுக்கும் மேற்குக் கிராமங்களுக்கும் குழாய் வழியே கொண்டுசெல்லும் 'மினி விசோனி' திட்டத்துக்கு நிதி ஒதுக்கச் செய்தவர்களில் முக்கியமானவர். இறைச்சி நிறுவனங்களே மாடுகளையும் வளர்க்கக் கூடாது, வளர்த்தால் சிறு பண்ணையாளருக்கு விலையே கிடைக்காது என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். செனட்டில் நிறைவேறிய அந்தத் திருத்தம் இறுதி வடிவத்தில் நீக்கப்பட்டது. பேச்சில் சுவாரசியம் இல்லாத மனிதர், மேடையில் மங்கிப்போவார். ஆனால் 1996 பொதுத்தேர்தலில் பதவியிலிருந்த செனட்டர் ஒருவரைத் தோற்கடித்தவர் நாடு முழுக்க இவர் ஒருவர்தான். தோற்றவர் லாரி பிரெஸ்லர்.

எதிரே குடியரசுக் கட்சியின் ஜான் தூன். மேற்கே நெடுஞ்சாலையோரம் சில நூறு பேர் வாழும் மர்டோ என்ற ஊர்க்காரர். உயரமானவர், கூடைப்பந்து ஆடியவர், பார்க்கவும் பேசவும் கவர்ச்சியானவர். மாநிலத்தின் ஒரே பிரதிநிதிகள் சபை உறுப்பினராக மூன்று முறை வென்றவர். மூன்று முறைக்கு மேல் அந்தப் பதவியில் இருக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார், காப்பாற்றினார். அவருக்கு ஆளுநர் பதவிமேல்தான் ஆசை. வெள்ளை மாளிகையே அழைத்துச் செனட்டுக்குப் போட்டியிடச் சொன்னது.

ஏன் சொன்னது? 2001இல் வெர்மான்ட் செனட்டர் ஜிம் ஜெஃபர்ட்ஸ் குடியரசுக் கட்சியை விட்டு வெளியேறியதும் செனட் ஒரே நாளில் கைமாறியது. டாஷ்ல் பெரும்பான்மைத் தலைவர் ஆனார். புஷ்ஷின் மசோதாக்கள் அவர் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். அவருடைய சொந்த மாநிலத்திலேயே அவருடைய கூட்டாளியைத் தோற்கடித்தால் எப்படி இருக்கும்! ஜான்சனும் தூனும் போட்டியிட்டார்கள் என்று வாக்குச் சீட்டில் இருந்தது. மோதிக்கொண்டவர்கள் டாஷ்லும் புஷ்ஷும்.

புஷ் பலமுறை வந்தார். ஆகஸ்டில் ரஷ்மோர் மலையில், நான்கு அதிபர்களின் கல்முகங்களுக்கு முன்னால் பேசினார். அந்த ஆண்டு மேற்கில் கடும் வறட்சி. தீவனம் இல்லாமல் மாடுகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். நிவாரணம் அறிவிப்பார் என்று எதிர்பார்த்தவர்களிடம், ஏற்கெனவே நிறைவேறிய வேளாண் சட்டத்தின் நிதியிலிருந்துதான் எடுக்கவேண்டும், புதிய பணம் இல்லை என்கிற தோரணையில் பேசிவிட்டுப் போனார். தூனுக்கு இது தர்மசங்கடம். என் கணிப்பில் அவர் 524 ஓட்டில் தோற்றதற்குச் சொல்லப்படும் பத்துக் காரணங்களில் இது கட்டாயம் ஒன்று. அதிபர் வந்தால் கூட்டம் சேரும்; ஆனால் அவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் வேட்பாளர் கணக்கில் எழுதப்படும்.

பணத்தைப் பற்றி. வேட்பாளர்கள் இருவரும் ஆளுக்குச் சுமார் அறுபது லட்சம் டாலர் செலவழித்தார்கள். பதிவான ஓட்டு மூன்று லட்சத்து முப்பத்தேழாயிரம். அதாவது வேட்பாளர்களின் செலவு மட்டுமே ஓட்டுக்கு முப்பத்தைந்து டாலர். கட்சிகளும் வெளி அமைப்புகளும் இறைத்தது தனி. அரசியல் கட்சிகள் கட்டுப்பாடின்றி நன்கொடை திரட்டுவதைத் தடைசெய்த மெக்கெய்ன்–ஃபைன்கோல்ட் சட்டம் நடைமுறைக்கு வந்தது நவம்பர் 6 அன்று, அதாவது தேர்தலுக்கு மறுநாள். கதவு மூடப்போகிறது என்று தெரிந்தால் என்ன நடக்கும்? உள்ளதை எல்லாம் அந்த ஓர் ஆண்டில் கொட்டினார்கள். விளம்பரங்கள் முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டன. பண்ணை வீட்டில் மாலைச் செய்தி பார்க்க உட்கார்ந்தவருக்கு வானிலை அறிக்கைக்கு முன்னும் பின்னும் அவை மட்டும்தான். ஜான்சனின் மகன் ஆஃப்கானிஸ்தானில் படைவீரராக இருந்தவர். அப்படியிருந்தும் நாட்டுப் பாதுகாப்பில் ஜான்சன் பலவீனமானவர் என்று விளம்பரம் வந்தது. ஊர்க்காரர்கள் தாங்களாகவே பேசிக்கொண்டால் இப்படி ஒரு வாதம் எழுந்தே இருக்காது. வாஷிங்டனில் எழுதி அனுப்பினால்தான் எழும்.

இனி ஒதுக்கு நிலங்கள். பைன் ரிட்ஜ் ஒதுக்கு நிலத்தின் பெரும்பகுதி அப்போது ஷேனன் கவுன்ட்டி என்ற பெயரில் இருந்தது. 2015இல்தான் ஒக்லாலா லகோட்டா கவுன்ட்டி என்று மாறியது. 1890இல் ராணுவம் லகோட்டா பூர்வகுடி மக்களைச் சுட்டுக்கொன்ற வூண்டட் நீ இங்கேதான் இருக்கிறது. நாட்டின் மிக ஏழ்மையான கவுன்ட்டிகளில் இதுவும் ஒன்று. இதற்குச் சொந்தமாகக் கவுன்ட்டி நிர்வாகமே கிடையாது. பக்கத்து ஃபால் ரிவர் கவுன்ட்டியின் அதிகாரிகளே தேர்தலையும் நடத்துவார்கள். 1924இல் அமெரிக்கப் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை வழங்கப்பட்டது. ஆனால் தங்களை நிர்வகிக்கும் பக்கத்துக் கவுன்ட்டி அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, ஷேனன் போன்ற கவுன்ட்டிகளில் வாழ்ந்தவர்களுக்கு 1975இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் கிடைத்தது. உரிமை கிடைத்தபோதும் ஓட்டுப் போடுவோர் குறைவாகவே இருந்தார்கள். அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை இல்லை என்பது ஒரு காரணம். வாக்குச்சாவடிக்குப் போகக் கார் இல்லை, பெட்ரோலுக்குக் காசு இல்லை என்பது அதைவிட எளிய காரணம். அதனால் இரண்டு கட்சிகளின் தேர்தல் வரைபடத்திலும் அந்த இடம் நெடுங்காலம் வெற்றிடமாகவே கிடந்தது.

2002இல் ஜனநாயகக் கட்சி அங்கே போனது. உள்ளூர் லகோட்டா ஆட்களை வேலைக்கு அமர்த்தி வீடு வீடாகப் பெயர் பதிவு செய்தார்கள். தேர்தல் நாளில் வண்டி வைத்து ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். ஆயிரக்கணக்கில் புதிய வாக்காளர்கள் சேர்ந்தார்கள். இதைக் கட்சியின் நல்லெண்ணம் என்று நான் சொல்லமாட்டேன், தேவை அவர்களை அங்கே தள்ளியது. ஆனால் குடிநீர்க் குழாயைக் காட்டி ஓட்டுக் கேட்க ஜான்சனுக்கு முகம் இருந்தது.

அக்டோபரில் புகார் வெடித்தது. பதிவு விண்ணப்பங்களிலும் தபால் ஓட்டு விண்ணப்பங்களிலும் போலிக் கையெழுத்து இருக்கிறது என்றார்கள். மாநிலத் தலைமை வழக்கறிஞரும் எஃப்.பி.ஐ.யும் விசாரித்தனர். சில படிவங்களில் கோளாறு இருந்தது உண்மை. ஆனால் தேர்தலுக்குப் பிறகு குடியரசுக் கட்சியினர் திரட்டிக் கொடுத்த வாக்குமூலங்களைச் சரிபார்த்த தலைமை வழக்கறிஞர் மார்க் பார்னெட்டும் அதே குடியரசுக் கட்சிக்காரர்தான். முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி நடந்ததாக அவர் காணவில்லை. இருந்தும் 'ஒதுக்கு நிலத்தில் திருடிய தேர்தல்' என்ற பேச்சு இன்றுவரை சிலர் வாயில் இருக்கிறது. மறு ஆண்டே ஓட்டுப் போடப் புகைப்பட அடையாளம் கேட்கும் சட்டம் மாநிலத்தில் வந்தது. அட்டை இல்லாதவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தும் ஓட்டளிக்கலாம் என்று ஒரு வழி விட்டிருந்தார்கள்.

தேர்தல் இரவில் பெரும்பகுதி நேரம் தூன் முன்னணியில் இருந்தார். விடியும் வேளையில்கூட ஜான்சன் பின்தங்கியிருந்தார். கடைசியாக வந்தவற்றில் ஷேனன் கவுன்ட்டிச் சாவடிகளும் இருந்தன. அங்கே பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட ஓட்டு ஜான்சனுக்கு. முடிவு: ஜான்சன் 1,67,481, தூன் 1,66,957. வித்தியாசம் 524. இன்னொரு கணக்கும் உண்டு. சுதந்திரவாதக் கட்சி வேட்பாளர் தேர்தலுக்கு முன்பே விலகித் தூனுக்கு ஆதரவு தெரிவித்திருந்தார். பெயர் சீட்டில் அச்சாகிவிட்டதால் அவருக்கும் மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டு விழுந்திருந்தது. தோல்விக்கு ஒதுக்கு நிலத்தைக் குறை சொன்னவர்கள் இந்த மூவாயிரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

மறு எண்ணிக்கை கேட்க தூனுக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. ஒரு வாரம் யோசித்து, வேண்டாம் என்று விலகிக்கொண்டார். பெருந்தன்மை என்றார்கள் சிலர். எனக்கு அது நல்ல அரசியல் கணக்காகவும் படுகிறது: அண்டை அயலார் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்த மாநிலத்தில் தோல்வியை ஏற்றுக்கொண்டவனுக்கு அடுத்த முறை மதிப்பு உண்டு. இத்தனைக்கும் பிறகு டாஷ்லின் பெரும்பான்மை பிழைக்கவில்லை. மிசௌரி, மின்னசோட்டா, ஜார்ஜியா மாநிலங்களில் வென்று செனட்டைக் குடியரசுக் கட்சி பிடித்துவிட்டது.

அடுத்த இரண்டு ஆண்டுகள் இன்னும் பரபரப்பானவை. தூன் விட்ட பிரதிநிதிகள் சபை இடத்தை 2002இல் அப்போதைய ஆளுநர், குடியரசுக் கட்சியின் பில் ஜேங்க்லோ வென்றார். மறு ஆண்டு ஆகஸ்டில் அவர் ஓட்டிய கார் மோதி மோட்டார் சைக்கிளில் வந்தவர் இறந்தார். குற்றம் நிரூபிக்கப்பட்டு 2004 ஜனவரியில் பதவி விலகினார். செனட் இடம் காலியானால் ஆளுநர் ஒருவரை நியமிக்கலாம். பிரதிநிதிகள் சபைக்கு அந்த வழியே இல்லை, தேர்தல் நடத்தியாக வேண்டும். ஜூன் 1 அன்று நடந்த இடைத்தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஸ்டெஃபனி ஹெர்செத் சுமார் மூவாயிரம் ஓட்டில் வென்று, அந்த மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். தாத்தா முன்னாள் ஆளுநர், தந்தை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். அறிமுகம் என்பது அங்கே பரம்பரையாகவும் வரும்.

ஐந்து மாதம் கழித்து தூன் டாஷ்லையே தோற்கடித்தார், 4,508 ஓட்டு வித்தியாசத்தில். செனட் கட்சித் தலைவர் ஒருவர் சொந்த மாநிலத்தில் தோற்றது 1952க்குப் பிறகு அதுவே முதல்முறை. செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவரான பில் ஃபிரிஸ்ட் நேரிலேயே வந்து தூனுக்காகப் பிரசாரம் செய்தார். இப்படி ஒரு தலைவர் மற்றொரு தலைவரின் ஊருக்குப் போய் எதிர்த்துப் பேசும் வழக்கம் அதுவரை இல்லை. ஒதுக்கு நிலத்தில் வாக்காளர்களைப் பின்தொடர்ந்து கார் எண்களைக் குறித்துக்கொள்கிறார்கள் என்று தேர்தலுக்கு முதல்நாள் வழக்குப் போய், ஃபெடரல் நீதிபதி தடை விதிக்க வேண்டியிருந்தது. டாஷ்லின் 66 கவுன்ட்டிப் பயணம் இந்த முறை அவரைக் காக்கவில்லை. ஊரில் ஒரு முகம், வாஷிங்டனில் ஒரு முகம் என்ற ஒரே குற்றச்சாட்டை ஓராண்டு முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டியதில், இருபத்தைந்து ஆண்டு அறிமுகம் கரைந்துபோனது.

புஷ்ஷோடு நெருக்கம் இருப்பதால் எல்ஸ்வொர்த் தளத்தைக் காப்பாற்றத் தன்னால்தான் முடியும் என்று தூன் சொல்லிவந்தார். 2005 மே மாதம் பாதுகாப்புத் துறையான பென்டகன் வெளியிட்ட படைத்தள மூடல் பட்டியலில் முதல் வரிசைப் பெயர்களில் எல்ஸ்வொர்த்தும் இருந்தது! நல்லவேளை, ஆகஸ்டில் சீரமைப்பு ஆணையம் தளத்தை மூடவேண்டாம் என்று முடிவெடுத்தது. தூனின் அரசியல் வாழ்க்கை தப்பியது. 2010இல் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. 2025 ஜனவரியில் அவர் செனட் பெரும்பான்மைத் தலைவர் ஆனார்.

அதே 2010இல் ஹெர்செத், குடியரசுக் கட்சியின் கிறிஸ்டி நோமிடம் இரண்டு சதவீதத்துக்குச் சற்றுமேல் பின்தங்கித் தோற்றார். அவருடைய வேலையை யாரும் குறை சொல்லவில்லை. அவர் வென்றால் ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசிதான் சபாநாயகர் என்றார்கள், அது போதுமானதாக இருந்தது. உடல்நலம் குன்றிய ஜான்சன் 2014இல் ஓய்வுபெற்றபோது ஜனநாயகக் கட்சி சார்பில் ரிக் வைலண்ட் நின்றார். மாநிலத்தின் 311 ஊர்களுக்கும் ஒன்றுவிடாமல் போனார். சில ஊர்களில் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள், அங்கும் போனார். டாஷ்லின் பழைய வித்தையை அவரைவிடத் தீவிரமாகச் செய்தவர் என்றே சொல்லலாம். கிடைத்தது முப்பது சதவீதத்துக்கும் குறைவு. 1996இல் தோற்ற பிரெஸ்லர் அதே தேர்தலில் சுயேச்சையாக நின்று கொஞ்சம் பிரித்தார் என்பதைக் கழித்தாலும், கைகுலுக்கலுக்கு மதிப்பு போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

2020, 2022 இரண்டு தேர்தல்களிலும் மாநிலத்தின் ஒரே பிரதிநிதிகள் சபை இடத்துக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. குடியரசுக் கட்சியின் டஸ்டி ஜான்சனை எதிர்த்தது சுதந்திரவாதக் கட்சி மட்டும்தான். வெளியிலிருந்து கொட்டிய பணமும் நின்றுபோனது. முடிவு தெரிந்த பந்தயத்தில் யார் பணம் கட்டுவார்கள்? இப்போது உண்மையான தேர்தல் நவம்பரில் நடப்பதில்லை. ஜூன் மாதம் குடியரசுக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறதே, அதுதான் தேர்தல். அதில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே ஓட்டளிக்கலாம். எல்லா வேட்பாளரையும் ஒரே சீட்டில் வைத்து அனைவரும் ஓட்டளிக்கும் முதற்கட்டத் தேர்தல் வேண்டும் என்ற திருத்தம் 2024 நவம்பரில் மக்கள் முன் வந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள்.